மருந்து வாடை இல்லாத தண்ணீர்

கீழ் டிவிஷன், மேட்டுத் தோட்டம்,
ஈஜோக்.
2.10.1984

அன்புத் தம்பி சேதுவுக்கு,

அக்கா அன்னம்மா எழுதுவது. நானும் உன் மாமாவும் குழந்தை கங்காவும் ஆத்தா புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். கோலாலம்பூரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? இருமல் விட்டதா?

நடமாடுகிறோம் என்று ஏன் எழுதினேன் என்றால் லயத்து வீடுகளில் பாதிப் பேர் நடமாடவில்லை. ஒரு வாரமாக வாந்திபேதி. ஒன்பது பேரை லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். அந்தக் கவலையே போதும். அதற்குமேல் நீ வேலை செய்யும் 'நாள்விளக்கு' வந்து எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டது. 'கெராங் சிப்பி சாப்பிட்ட தோட்ட மக்களுக்குக் காலரா' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். செல்லன்தான் லயத்து வாசலில் நின்று எல்லோருக்கும் வாசித்துக் காட்டினான்.

டேய், இது புரட்டாசி மாதம். புரட்டாசியில் நம் லயத்தில் கவுச்சி அடுப்பேறுமா? முட்டை கூட வாங்க மாட்டோம். சுங்கை செம்பிலாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் அப்பளசாமி அண்ணன், பெட்ரோல் வீண் என்று இந்த மாதம் இந்தப் பக்கமே வருவதில்லை. அப்புறம் கெராங் எங்கிருந்து வந்தது?

இதில் பெரிய வேடிக்கை, நம் ஆட்களே நம்பிவிட்டார்கள். "பேப்பர்லயே போட்டுட்டான்லா, நம்மளே தெரியாம தின்னுருப்போம்" என்கிறாள் செல்லன் பெண்டாட்டி வேலம்மா. "தெரியாம எப்படி திம்ப? ஓட்டோடயா?" என்று கேட்டேன்.

எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னேன். சிப்பியால் வந்த நோய்க்குத் தண்ணீரை ஏன் காய்ச்ச வேண்டும் என்று சிரிக்கிறார்கள். அந்தச் செய்தியை எழுதியவனைப் பிடித்து மாற்றி எழுதச் சொல். உடனே சொல்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா
அன்னம்மா

*

கோலாலம்பூர்
8.10.1984

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். மாமாவையும் கங்காவையும் கேட்டதாகச் சொல்லுங்கள். இருமல் போய்விட்டது, சளி மட்டும் வீட்டுக்காரன் மாதிரி தங்கியிருக்கிறது.

நீங்கள் பிடிக்கச் சொன்ன ஆள் நானேதான். தலைப்பு நான் வைத்தது. கோல சிலாங்கூர் நிருபர் போன் செய்தார். அந்த வாரம்தான் கரையோரக் கடைகளில் கெராங் விற்கக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். அதே வாரம் உங்கள் ஆட்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவர் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டார், நான் அதை இறுக்கினேன். இதைக் கேளுங்கள், அன்று எங்கள் மேசையில் இருந்த அத்தனை பேரும் புரட்டாசிச் சைவம். ஆசிரியர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டேதான் அந்தச் செய்தியைப் பார்த்தார். ஒருவருக்கும் உறைக்கவில்லை. தோட்டம், பேதி, கெராங் என்றதும் எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றிவிட்டது.

உங்கள் கடிதத்தை ஆசிரியரிடம் காட்டினேன். "உன் அக்கா சொன்னாங்கன்னு மறுப்பு போட முடியுமா? ஆதாரம் கொண்டா" என்றார். அதனால் கேட்கிறேன். இப்போது உங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதில் மருந்து போடுகிறார்களா? பம்பு வீட்டைப் பார்த்துக்கொள்வது யார்? அவரிடம் நான் பேச முடியுமா?

நீங்கள் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதை விடாதீர்கள்.

அன்புத் தம்பி
சேது

*

மேட்டுத் தோட்டம்
14.10.1984

தம்பி சேதுவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். மற்ற சுகத்தை எழுதக் கை வரவில்லை. பக்கத்து வீட்டுக் காளியம்மா போய்விட்டது. வியாழக்கிழமை காலையில் ரப்பர் பால் வெட்டப் போன மனுஷி, மாலையில் லோரியிலேயே கண்ணை மூடிவிட்டது. நான் நாலு முறை சொன்னேன் தண்ணீரைக் காய்ச்சு என்று. "நான்தான் சிப்பியே திங்கலயேக்கா, எனக்கு என்ன வரப்போவுது" என்றது. உன் தலைப்பை நம்பித்தான் அப்படிச் சொன்னது. நீ நொந்துபோக எழுதவில்லை. நீ தெரிந்துகொள்ள எழுதுகிறேன்.

நீ கேட்ட தண்ணீர் விஷயம். கால்வாயிலிருந்து பம்பு அடித்துத் தொட்டியில் ஏற்றுவார்கள். அதில் குளோரின் தூள் போட வேண்டும். ஆடி மாதத்தோடு தூள் தீர்ந்துவிட்டது. ஆபீஸ் கணக்கு பார்க்கிற கிராணி வாங்கித் தரவில்லை. அதற்காக லயத்தில் யாராவது வருத்தப்பட்டார்களா என்று கேள். திருவிழா மாதிரி கொண்டாடினார்கள். அந்தத் தூளால் முடி கொட்டும், பெண்களுக்குக் கர்ப்பம் தங்காது என்று கடைத்தெருவில் யாரோ கிளப்பிவிட்டது வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. மருந்து வாடை போனதும் "இப்பதான் டீ டீ மாதிரி இருக்கு" என்று பம்பு பார்ப்பவரை வழியில் நிறுத்திப் புகழ்ந்தார்கள். வாடை இருந்தபோது பயந்தோம். வாடை போனபோது நிம்மதியாக இருந்தோம். எல்லாம் தலைகீழ்.

ஆதாரம் வேண்டும் என்றாயே, ஒன்று கிடைத்திருக்கிறது. இந்தப் புரட்டாசியில் எங்கள் லயத்தில் கெராங் தின்றவன் ஒரே ஒருவன்தான். அன்றைக்கு வாசித்துக் காட்டிய செல்லன். கோல சிலாங்கூர்க் கடையில் பீருக்குத் தொட்டுக்கொண்டு ஒரு தட்டு முழுக்கத் தின்றானாம். கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான், ஒரு தும்மல் கூட இல்லை. காளியம்மாவை எடுத்த அன்று தாங்கமுடியாமல் என்னிடம் சொன்னான். வேலம்மா காதுக்குப் போனால் நோயே தேவலை என்று ஆகிவிடும். ஆனால் கேட்டால் உன்னிடம் சொல்கிறேன் என்றிருக்கிறான்.

மற்றவற்றை அப்புறம் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

கோலாலம்பூர்
20.10.1984

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கங்காவுக்குத் தீபாவளிப் பாவாடைத் துணி தனியாக அனுப்பியிருக்கிறேன். மாமாவுக்கு ஒரு சட்டை. பத்திரிகையின் தீபாவளி மலர் வேலை கழுத்தைப் பிடிப்பதால் நான் வர முடியாது.

காளியம்மா அக்கா எனக்குச் சிறுவயதில் மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்தவர். அந்தத் தலைப்பை எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். தினமும் பார்க்கிறேன்.

ஆசிரியரிடம் மறுபடி போனேன். செல்லன் கதையைக் கேட்டுச் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. தோட்ட நிர்வாகத்தின் பதிலையும் சேர்த்துப் போடலாம் என்றிருக்கிறார். மேனேஜருக்குப் போன் செய்யப்போகிறேன். அதற்குமுன் பம்பு பார்ப்பவரிடம் பேசிவிட்டால் நல்லது. போன கடிதத்தில் நீங்கள் அவர் பெயரை எழுத மறந்துவிட்டீர்கள். யார் அக்கா அவர்? எனக்குத் தெரிந்தவரா?

அன்புடன்
சேது

*

மேட்டுத் தோட்டம்
28.10.1984

தம்பிக்கு,

சுகம். துணியும் சட்டையும் வந்தன. கங்கா பாவாடைத் துணியைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினாள். லயத்தில் இந்த வருஷம் யாரும் பலகாரம் சுடவில்லை. உன் மாமா சட்டையைப் பிரிக்கவில்லை, அப்படியே இருக்கிறது.

பம்பை யார் பார்த்தால் என்ன? தூள் வாங்கித் தரவேண்டியவர் யார் என்று மேனேஜரைக் கேள். அதைக் கேட்டால் போதும்.

மழை பிடித்துக்கொண்டது. குடை வாங்கினாயா?

அக்கா

*

கோலாலம்பூர்
6.11.1984

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம்தானே? ஜெயித்துவிட்டோம்! இன்றைய பத்திரிகையை மடித்து இதோடு வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கம், மேலேயே. 'தோட்டத்துக் காலரா: சிப்பி அல்ல, தண்ணீர்தான்!' அதற்குக் கீழே 'பம்பு ஆளின் அலட்சியம், நிர்வாகம் ஒப்புதல்.' மேனேஜர் போனில் நன்றாகவே பேசினார். மருந்து போடுவது பம்பு ஆளின் பொறுப்பு, அவன் போடவில்லை, நடவடிக்கை எடுக்கிறோம் என்றார். தூள் வாங்காததைப் பற்றிக் கேட்டேன், அதை விசாரிப்பதாகச் சொன்னார். அந்தப் பத்தியும் எழுதியிருந்தேன், இடமில்லை என்று கடைசி நேரத்தில் வெட்டிவிட்டார்கள்.

ஆனாலும் தண்ணீர் என்று வந்துவிட்டதல்லவா! இனி எல்லோரும் காய்ச்சிக் குடிப்பார்கள். மாமாவிடம் வாசித்துக் காட்டுங்கள், சந்தோஷப்படுவார்.

உங்கள்
சேது

*

மேட்டுத் தோட்டம்
21.11.1984

சேதுவுக்கு,

உயிரோடு இருக்கிறோம். நீயும் நன்றாக இரு.

உன் மாமாவிடம் வாசித்துக் காட்டச் சொன்னாய். நான் காட்டத் தேவைப்படவில்லை. ஈஜோக் கடையில் நாலு பேர் வாசித்துக் காட்டினார்கள்.

பம்பு ஆள் உன் மாமாதான். போன சித்திரையில் வெட்டிய செம்பனைக் குலை தோளில் விழுந்து, பிறகு அவரால் குலை தூக்க முடியவில்லை. அதனால் பம்பு வீட்டில் போட்டார்கள். தோளில் அடிபட்டதைக் கேட்டால் நீ பதறிப் பணம் அனுப்புவாய் என்று எழுதாமல் விட்டேன். பிறகு நீ பம்பு ஆள் யார் என்று கேட்டாய். சொன்னால் சொந்தக்காரனைக் காப்பாற்ற எழுதுகிறாய் என்று உன் ஆசிரியர் செய்தியைக் கிழித்துப் போடுவார் என்று பயந்தேன். என் வாய்ப்பூட்டு அதற்குத்தான்.

உன்மேல் கோபமா என்று கேட்பாய். கோபம்தான். சொல்லாதது நான் என்றால், அவரைப் பார்க்காமலே அவரைப் பற்றி எழுதியது நீ. மேனேஜரிடம் போனில் பேசியவனுக்கு, ஒரு பஸ் ஏறி இங்கே வரத் தோன்றவில்லை.

இப்போது நிலைமை இது. வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இந்த மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். செய்தி வந்த அன்று சாயங்காலம் காளியம்மா புருஷன் நல்லசாமி வாசலில் வந்து நின்று, "எம் பொண்டாட்டிய நீதான்டா கொன்ன" என்று கத்தினார். கங்காவோடு விளையாட யாரும் பிள்ளைகளை அனுப்புவதில்லை. அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. பேப்பரில் இருக்கிறதே.

அதற்காக நான் மூட்டை கட்டப்போவதில்லை. தண்ணீர் என்று எழுதியது சரி, அதை நீ திரும்பப் பெறக் கூடாது. மீதியையும் சொல்லவைக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரையும் கூடச் சொல்லிக் கோயில் தலைவரிடம் கேட்டிருக்கிறேன். நீ வா.

அன்னம்மா

*

மேட்டுத் தோட்டம்
9.12.1984

தம்பி சேதுவுக்கு,

சுகமா? நீ வரவில்லை, பதிலும் இல்லை. வெட்கத்தில் ஒளிந்திருக்கிறாயா, உடம்பு சரியில்லையா? எதுவானாலும் இதைப் படி.

கோயிலில் லயமே கூடியது. முதலில் செல்லனை நிறுத்தினேன். எல்லோர் முன்னாலும் கெராங் தின்றதைச் சொன்னான். வேலம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "வீட்டுக்குப் போய் அடி, இங்க அவன் சாட்சி" என்று உட்காரவைத்தேன். அத்தனை துக்கத்திலும் சனம் சிரித்தது.

பிறகு உன் மாமா எழுந்தார். அவர் பேசி நீ கேட்டிருக்கமாட்டாய், நானே அதிகம் கேட்டதில்லை. "ஆடியில தூளு முடிஞ்சிச்சி. கிராணிகிட்ட ரெண்டு தடவ கேட்டேன். அடுத்த மாசம் பாக்கலாம்னாரு. மூணாவது தடவ நான் போயி கேக்கல. ஏன்னா தண்ணி நல்லாருக்குன்னு நீங்கல்லாம் சொன்னீங்க. எனக்கும் அதக் கேக்க நல்லாருந்திச்சி. அது என் தப்பு. மத்தது என் தப்பு இல்ல."

நல்லசாமிதான் கேட்டார். "காளியும் சொன்னாளா, நல்லாருக்குன்னு?"

"சொன்னிச்சி. ஒரு சீப்பு வாழப்பழம் குடுத்து விட்டிச்சி."

நல்லசாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நாளைக்கிப் பெரட்டுல நிப்பேன். வேலைக்கிப் போமாட்டேன். யாரு வர்றீங்க?" என்றார்.

மறுநாள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டபோது எல்லோரும் இருந்தோம், ஒருவரும் வேலைக்காட்டுக்குள் போகவில்லை. வேலை வாங்கும் மண்டோர் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். மூன்றாம் நாள் சுகாதார ஆட்கள் வந்து தொட்டித் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு போனார்கள். முடிவு என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளே லோரியில் தூள் டிரம் வந்து இறங்கியது. குழாய்த் தண்ணீருக்கு மனுப் போட்டிருப்பதாக மேனேஜர் சொல்கிறார். வீட்டை மட்டும் காலி செய்யத்தான் வேண்டுமாம், பேப்பரிலேயே வந்துவிட்டதாம், கம்பெனியில் கேட்பார்களாம். அன்றைக்குக் காளியம்மா நம்பிய அதே பேப்பரை இன்று மேனேஜர் கையில் வைத்து ஆட்டுகிறார்.

நாங்கள் காலி செய்யவில்லை. நாள் கடந்துவிட்டது. அடுப்பு எரிகிறது, கதவு திறந்திருக்கிறது. பதில் எழுது.

அக்கா

*

கோலாலம்பூர்
21.12.1984

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மாமாவின் தோள் எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

உங்கள் நவம்பர் கடிதம் வந்த அன்றே, வெட்டப்பட்ட பத்தியை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் போனேன். பம்பு ஆள் யார் என்பதையும் மறைக்கவில்லை. கொஞ்சம் சத்தமாகிவிட்டது. இப்போது செய்திப் பக்கம் என் கையில் இல்லை. மரண அறிவிப்பும் கண்ணீர் அஞ்சலியும் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை போட்டுவிட்டார்கள். அதனால்தான் கோயிலுக்கு வரவில்லை. நீங்கள் வருத்தப்பட வேண்டாம், இதிலும் எழுத்துப் பிழை பார்க்க ஆள் வேண்டுமே.

அந்தச் செய்தி பழையதாகிவிட்டது என்கிறார்கள். காலரா நின்றுவிட்டால் பத்திரிகைக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் ஒரு வழி இருக்கிறது. ஞாயிறு வாசகர் பக்கத்தைப் பார்க்கிற நடராஜா அண்ணன் நேர்மையான மனிதர். நீங்கள் எழுதினால் வெட்டாமல் போடுகிறேன் என்று எனக்குக் கைகொடுத்துச் சொன்னார். ஒரே நிபந்தனை. எழுதுகிறவரின் உண்மைப் பெயரும் விலாசமும் கூடவே அச்சாகும். 'பெயர் வெளியிட விரும்பாதவர்' என்றால் போடமாட்டார்.

அக்கா, நிர்வாகம் அதைப் படிக்கும். உங்கள் வேலையும் போகலாம். யோசித்துச் செய்யுங்கள். நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லமாட்டேன். நான் எழுதியது போதும்.

சேது

*

மேட்டுத் தோட்டம்
3.1.1985

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உன் மாமா தீபாவளிச் சட்டையை இன்றுதான் போட்டார், தோளில் கொஞ்சம் பிடிக்கிறது. நீ சாவுப் பக்கத்துக்குப் போனதை ஏதோ வேடிக்கை மாதிரி எழுதியிருக்கிறாய். அக்காவுக்குப் புரியும். சாப்பாட்டில் குறை வைக்காதே. லீவு கொடுத்ததும் வந்துவிடு, வாசலில் ஒருவரும் உன்னை ஒன்றும் கேட்கமாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

யோசித்தேன். இத்துடன் இருப்பது நடராஜா அண்ணனுக்கு. ஒரு வார்த்தையையும் மாற்ற வேண்டாம் என்று சொல்.

அக்கா
அன்னம்மா

*

'நாள்விளக்கு' ஞாயிறு வாசகர் பக்கம்
13.1.1985

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் நலமாக இருக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்தைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் இரண்டு முறை வந்தது. முதலில் சிப்பி என்று போட்டீர்கள். அதனால் நாங்கள் தண்ணீரைக் காய்ச்சவில்லை. அடுத்து பம்பு ஆள் என்று போட்டீர்கள். அதனால் நாங்கள் கிராணியைக் கேள்வி கேட்கவில்லை. இரண்டு முறையும் நாங்களே நம்பினோம். எங்கள் மேலும் தப்பு உண்டு. மருந்து வாடையைக் கண்டு பயந்து, வாடையில்லாத கால்வாய்த் தண்ணீரை நல்ல தண்ணீர் என்று புகழ்ந்து குடித்தோம். பம்பு ஆளும் மூன்றாம் முறை கேட்கவில்லை, அதை அவரே சபையில் சொன்னார். தூள் வாங்க வேண்டியவர்கள் மட்டும் இன்னும் எந்தச் சபையிலும் எதையும் சொல்லவில்லை.

தங்கள் செய்தியில் கிராணி இல்லை, கம்பெனி இல்லை. பெயரில்லாத ஒரு பம்பு ஆள் மட்டும்தான் இருந்தார். பெயரில்லாதவன் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டலாம். வீட்டையும் பிடுங்கலாம்.

நான் அவருடைய மனைவி. எங்கள் வழக்கப்படி புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அப்பா பெயர் கேட்டார்கள். நான் சொல்லாமல் நின்றேன், கூட வந்த காளியம்மாதான் சொன்னது. அந்தக் காளியம்மாவும் இப்போது இல்லை. அதனால் இதை நானே எழுதுகிறேன். அவர் பெயர் உடையப்பன்.

அன்னம்மா,
உடையப்பன் வீடு, கீழ் டிவிஷன்,
மேட்டுத் தோட்டம், ஈஜோக்.